எலிகளுக்கு ஆர்.ஓ. தண்ணீர் கொடுத்த ஆய்வை எப்படிப் படிப்பது

வீட்டு ஆர்.ஓ. மெஷின் தண்ணீரிலிருந்து உப்போடு கால்சியம், மெக்னீசியத்தையும் பெரும்பாலும் எடுத்துவிடும். அந்த ஆர்.ஓ. தண்ணீர் குடித்த எலிகளுக்கு எலும்பு தேய்ந்துவிட்டது, உடனே மெஷினைக் கழற்றுங்கள் என்று ஒரு செய்தி வரும். ஆய்வகங்களில் எலிகள் காலம் முழுக்க ஆர்.ஓ. தண்ணீர்தானே குடிக்கின்றன, அவற்றுக்கு என்ன ஆகிவிட்டது என்று இன்னொருவர் பதில் போடுவார். இரண்டு பேருமே பார்க்காமல் விடுவது ஒன்றுதான்: அந்த எலி என்ன சாப்பிட்டது?

ஆய்வுக் கட்டுரை கையில் கிடைத்தால் முடிவுரைக்குப் போகாதீர்கள். செய்முறைப் பகுதியில் தீவனத்தின் பெயரை முதலில் தேடுங்கள். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டாலே புரியும். 300 கிராம் எடையுள்ள எலி ஒரு நாளைக்குச் சுமார் 30 மி.லி. தண்ணீர் குடிக்கும், 15 கிராமுக்குக் குறையாமல் தீவனம் தின்னும். ஏ.ஐ.என்.-93 என்ற தரப்படுத்திய தீவனத்தில் கிலோவுக்கு 5 கிராம் கால்சியம் இருக்கிறது, அதாவது தீவனத்திலிருந்தே 75 மி.கி. வந்துவிடுகிறது, தண்ணீரில் லிட்டருக்கு 50 மி.கி. கால்சியம் இருந்தால்கூட அதிலிருந்து கிடைப்பது வெறும் 1.5 மி.கி.தான். இப்படிச் சத்தான தீவனம் தின்ற எலிக்கு ஆர்.ஓ. தண்ணீரால் கால்சியம் குறையவில்லை என்றால் அதில் ஆச்சரியம் இல்லை, ஆனால் அந்த முடிவு வயிறாரச் சத்தாகச் சாப்பிட்ட எலிக்குத்தான் பொருந்தும். தீவனத்தில் கால்சியத்தை வேண்டுமென்றே குறைத்துச் செய்த ஆய்வு என்றால் கதையே வேறு. தீவனம் என்னவென்றே சொல்லாத கட்டுரையை நான் நம்பமாட்டேன்.

இதே கணக்கை நமக்கும் போடுங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மி.கி. கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். லிட்டருக்கு 50 மி.கி. கால்சியம் உள்ள அதே தண்ணீரை 2 லிட்டர் குடித்தால் 100 மி.கி. கிடைக்கும், தேவையில் பத்தில் ஒரு பங்கு. பால், தயிர், கேழ்வரகு, முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி எல்லாம் புழங்கும் வீட்டில் இந்தப் பங்கு போனாலும் சமாளிக்கலாம். சோறும் ரசமுமாகவே நாள் ஓடுகிற வீட்டில், அதிலும் வயதானவர்களுக்கு, அது சின்ன விஷயம் இல்லை.

அடுத்து, ஒப்பீட்டுக் குழு, அதாவது ஆர்.ஓ. தண்ணீர் கொடுக்காமல் ஒப்பிடுவதற்காக வைத்த எலிகள், குடித்த தண்ணீர். "குழாய் நீர்" என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது, அதில் கால்சியம், மெக்னீசியம் எவ்வளவு என்று எண் இருக்க வேண்டும்.

அப்புறம் எத்தனை நாள், எதை அளந்தார்கள் என்று பாருங்கள். 1993-இல் வந்த ஓர் ஆய்வில் ஆர்.ஓ. தண்ணீர் போலவே தாது நீக்கிய, காய்ச்சி வடித்த நீரை 14 நாள் குடித்த எலிகளின் இரைப்பையிலும் சிறுகுடலிலும் புண்ணோ அழற்சியோ இல்லை. சோவியத் ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட நீர் குடித்த எலிகளை ஒரு வருடம் வரை கவனித்தார்கள். சிறுநீர் கூடியது, அதோடு சோடியம், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் ஆகியவை கூடுதலாக வெளியேறின. அந்த வேலையின் அடிப்படையில்தான் 1980-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காகத் தயாரான அறிக்கை, குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 100 மி.கி. உப்புகளாவது இருக்கட்டும் என்றது. இரண்டு ஆய்வும் ஒன்றை ஒன்று மறுக்கவில்லை, ஒன்று குடலைப் பார்த்தது, மற்றது உப்புச் சமநிலையைப் பார்த்தது.

பாட்டிலையும் விட்டுவிடாதீர்கள். 1998-இல் அமெரிக்காவில் பாட்ரீஷியா ஹன்ட்டின் ஆய்வகத்தில், கடுமையான சோப்புக் கரைசலால் கழுவிய பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன கூண்டுகளும் தண்ணீர் பாட்டில்களும் சிதைந்து, அந்தப் பிளாஸ்டிக்கில் உள்ள பிஸ்பீனால்-ஏ என்ற வேதிப்பொருள் கசிந்தது, சுண்டெலிகளின் கருமுட்டைகளில் குரோமோசோம் கோளாறுகள் திடீரென்று எகிறின. தண்ணீர் மேல் பழி போடுவதற்கு முன்னால் பாத்திரத்தையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

சரி, வீட்டில் என்ன செய்வது? மெஷினுக்குள் போகும் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது அதில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு, லிட்டருக்கு 500 மி.கி.-க்குள் இருந்தால் உப்புக்காக ஆர்.ஓ. தேவையில்லை, நம் நாட்டுக் குடிநீர்த் தரமே அதை ஏற்கிறது. கிருமிக்குக் கொதிக்கவைத்தாலே போதும். அதைவிட அதிகம் என்றால் ஆர்.ஓ. இருக்கட்டும், ஆனால் காய்கறியை அந்தத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டாதீர்கள், தாது இல்லாத நீரில் சமைக்கும்போது உணவிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் நிறையவே தண்ணீரில் இறங்கிவிடுகின்றன. அந்த நீரைக் குழம்பிலேயே சேர்த்துவிடுங்கள்.

மெஷினில் டிடிஎஸ் கூட்டும் திருகு ஒன்று இருக்கும். அது தாது எதையும் புதிதாகச் சேர்ப்பதில்லை, உள்ளே வரும் தண்ணீரில் கொஞ்சத்தை ஆர்.ஓ. சவ்வு வழியாகப் போகவிடாமல் நேராகக் கலக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி போல ஃப்ளோரைடு உள்ள பகுதியில் போர்வெல் தண்ணீரை இப்படிக் கலந்தால் ஃப்ளோரைடும் திரும்ப வந்துவிடும், டிடிஎஸ் மீட்டர் அதைத் தனியாகக் காட்டாது. அங்கே திருகைத் தொடாதீர்கள். கால்சியம், மெக்னீசியம் சேர்க்கும் கார்ட்ரிட்ஜ் போடுங்கள், வருடத்துக்கு ஒருமுறை தண்ணீரைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மி.கி.-க்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.