பிட்ஸ்பர்க்கின் ஹைன்ஸ் அறக்கட்டளையிடம் நிதி கேட்பது எப்படி?

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் மாலை நேரக் கலை வகுப்புகள் நடத்தும் ஒரு சிறு அமைப்புக்கு நிதி விண்ணப்பங்களை எழுதுவது என் வேலை. இந்த ஊரில், உணவுப்பொருள் தொழிலில் பெயர்பெற்ற ஹைன்ஸ் குடும்பத்தின் அறக்கட்டளையை அறியாதவர் குறைவு. அதில் ஹோவர்ட் ஹைன்ஸ் பெயரிலான நிதி 1941-இல் தொடங்கியது. வீரா ஹைன்ஸ் பெயரிலானது 1986-இல். தென்மேற்குப் பென்சில்வேனியாவே அவர்களின் முதன்மைக் களம். ஆகவே "உலகையே மாற்றுவோம்" என்ற வாசகத்தை முதலில் அடித்துவிடுங்கள். பிட்ஸ்பர்க்கின் ஹேசல்வுட் பகுதியில் எந்தத் தெரு, எந்தப் பள்ளி, எத்தனை பிள்ளைகள் என்று எழுதுங்கள்.

எழுதும் முன் 990-பிஎஃப் படிவத்தைப் படியுங்கள். தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் வருமான வரித் துறைக்குத் தரும் கணக்கு அது, யாரும் பார்க்கலாம். யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது பெயரோடு இருக்கும். என் கணிப்பில், அழகான அறிமுகக் கடிதத்தைவிட அந்தப் பட்டியலே பயன் தரும். உங்களைப் போன்ற அமைப்புகள் வாங்கிய தொகையைப் பார்த்து, அதையொட்டிக் கேளுங்கள். பத்து மடங்கு கேட்டால் உங்கள் வரவுசெலவுத் திட்டத்தை யாரும் நம்பமாட்டார்கள்.

501(சி)(3), அதாவது வரிவிலக்குப் பெற்ற அறநிறுவனம் என்ற தகுதி, உங்களுக்கு இல்லையா? அத்தகுதியுள்ள அமைப்பு ஒன்றை, உங்கள் சார்பில் நிதியைப் பெற்றுக் கையாளும் நிதிப் பொறுப்பாளராக அமர்த்தலாம். அவர்கள் ஒரு பங்கைக் கட்டணமாகப் பிடிப்பது வழக்கம். அதையும் வரவுசெலவில் காட்டுங்கள். வாடகை, மின்சாரம், கணக்கர் சம்பளம் ஆகியவற்றை ஒளிக்காதீர்கள். ஒளித்தால் பிறகு உங்கள் கையிலிருந்துதான் போகும்.

விண்ணப்பிக்கும் முன் அறக்கட்டளையின் திட்ட அலுவலருக்கு அரைப் பக்கத்தில் மின்னஞ்சல் அனுப்புங்கள். பொருந்தாது என்று பதில் வந்தால் வாதாடாமல், வேறு யாரை அணுகலாம் என்று கேளுங்கள்.