ஜேக்கோபியன் ஊகம்: கணக்குப் போட்டுப் புரிந்துகொள்வோம்

இரண்டு எண்களைப் பல்லுறுப்புக்கோவைகளில் போட்டு வேறு இரண்டு எண்களைப் பெறுகிறோம். விடையிலிருந்து பழைய எண்களை மீட்டுத் தரவும் பல்லுறுப்புக்கோவைகள் கிடைக்குமா? ஒவ்வொரு கோவையையும் ஒவ்வொரு மாறியைப் பொறுத்து வகையிட்டு அடுக்கினால் வருவது ஜேக்கோபியன் அணி. அதன் அணிக்கோவை (determinant) பூச்சியமல்லாத மாறிலியாக இருந்தால் கட்டாயம் கிடைக்கும் என்பதுதான் ஊகம். 1939-இல் கணிதவியலாளர் கெல்லர் எழுப்பிய கேள்வியிலிருந்து வந்தது. மாறிகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம், எண்கள் கலப்பெண்கள். சரி, பேனாவை எடுங்கள்.

1. ஒரு மாற்றத்தை எழுதுங்கள்

அ, இ உள்ளே போகும் எண்கள். ப, ம வெளியே வருபவை. த = அ + இ என்று வைத்துக்கொள்வோம்.

ப = அ + த²
ம = இ − த²

2. அணிக்கோவையைக் கணக்கிடுங்கள்

ப-ஐ அ-வைப் பொறுத்து வகையிட்டால் 1 + 2த, இ-யைப் பொறுத்து 2த. ம-க்கு அதே வரிசையில் −2த, 1 − 2த. ஆகவே அணிக்கோவை:

(1 + 2த)(1 − 2த) + 4த² = 1

த முழுக்க அடிபட்டுப் போய்விட்டது. இதுதான் நமக்கு வேண்டிய மாறிலி.

3. திரும்பி வாருங்கள்

ப + ம = அ + இ. அதாவது த-வின் மதிப்பு விடையிலேயே இருக்கிறது.

அ = ப − (ப + ம)²
இ = ம + (ப + ம)²

(1, 2) போட்டால் (10, −7) வரும். அதைத் திருப்பிப் போட்டால் மறுபடி (1, 2).

4. இருபடிக்கு ஏன் எப்போதும் சரியாக வருகிறது?

1980-இல் வாங் இதை நிறுவினார். எனக்கு மிகவும் பிடித்த வாதம் இங்கேதான் இருக்கிறது. இருபடிக் கோவைகளில், இரு புள்ளிகளின் விடைகளுக்கு இடையிலான வித்தியாசம் = நடுப்புள்ளியில் எடுத்த ஜேக்கோபியன் அணி × அந்தப் புள்ளிகளின் வித்தியாசம். அணிக்கோவை பூச்சியமில்லை என்பதால் வெவ்வேறு புள்ளிகளுக்கு ஒரே விடை வராது. அதுவே போதும்: கலப்பெண்களில் ஒன்றுக்கொன்றான பல்லுறுப்புக்கோவை மாற்றத்துக்கு (மாறிகள் இரு பக்கமும் அதே எண்ணிக்கை) பல்லுறுப்புக்கோவை நேர்மாறு உண்டு என்று தனித் தேற்றமே இருக்கிறது.

5. முப்படியில் என்ன ஆகிறது?

ஒரே மாறிதான், அ, இ இப்போது அதன் இரு மதிப்புகள் என்று கொண்டு, அ³ − இ³-க்கு அதே நடுப்புள்ளி விதியைப் போட்டுப் பாருங்கள். (அ − இ)³/4 மிச்சம் நிற்கும். சின்ன மிச்சம்தான், ஆனால் வாதம் அதோடு நின்றுவிடுகிறது. அப்புறம், 1982-இல் பாஸ், கானல், ரைட் மூவரும் காட்டியது: எத்தனை மாறிகள் இருந்தாலும் முப்படிக்கு நிறுவிவிட்டால் முழு ஊகமும் நிறுவப்பட்டுவிடும். ஆக, 2-க்கும் 3-க்கும் நடுவில்தான் மொத்தச் சிக்கலும் இருக்கிறது. இரண்டு மாறிகளுக்கு மட்டும் மோ 1983-இல் படி 100 வரை சரிபார்த்தார்.

6. நிபந்தனையைத் தளர்த்திவிடாதீர்கள்

மெய்யெண்களில் அணிக்கோவை எங்குமே பூச்சியமாகாமல் இருந்தால் மட்டும் போதாது. 1994-இல் பின்சுக் தந்த மாற்றத்தில் அது எங்கும் நேர்மம். ஆனாலும் இரு வேறு புள்ளிகள் ஒரே விடையில் போய் விழுகின்றன. அங்கே அணிக்கோவை மாறிலி இல்லை. ஆகவே, மெய்யெண்களுக்கும் பொருந்துகிற எந்த நிறுவலைப் படித்தாலும், ‘மாறிலி’ என்பது எந்த வரியில் பயன்படுகிறது என்று முதலில் தேடுங்கள்.