வீட்டு இணைய நிறுவனத்தை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கைப்பேசி எண்ணை மாற்றாமலேயே நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. ஒரு குறுஞ்செய்தி அனுப்பிக் குறியீட்டைப் பெற்றுப் புதிய நிறுவனத்திடம் கொடுத்தால் போதும், பழைய இணைப்பு தானாகவே முடிவுக்கு வந்துவிடும். வீட்டு பிராட்பேண்டும் அப்படித்தான் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால், இந்தியாவில் வீட்டு இணைய இணைப்புக்கு அத்தகைய வசதி கிடையாது. பழைய நிறுவனத்தில் உள்ள கணக்கும் புதிய நிறுவனத்தில் தொடங்கும் கணக்கும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. புதியவர் வந்து ஃபைபர் இழுத்துக் கொடுத்தது பழையவருக்குத் தெரியவே தெரியாது. ஆகவே பழைய கணக்கை முறைப்படி முடித்துவைப்பது முழுக்க வாடிக்கையாளரின் பொறுப்பாகிறது. புதிய இணைப்பைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட நாம் இதில் காட்டுவதில்லை. பணம் வீணாவதும் பெரும்பாலும் இங்கேதான்.

போஸ்ட்பெய்டு இணைப்பை வைத்திருப்பவர்கள், கட்டணம் செலுத்துவதை நிறுத்திவிட்டால் இணைப்பு தானே ரத்தாகிவிடும் என்று விட்டுவிடுவது மிகவும் பரவலான தவறு. துண்டிக்கக் கோரிக்கை பதிவாகாதவரை அடுத்த மாதத்துக்கும் பில் வரும், அதன்மேல் தாமதக் கட்டணம் ஏறும், திருப்பித் தராத ரூட்டருக்கும் ஒரு தொகை சேரும். சில மாதங்கள் கழித்து வசூல் முகவர்களிடமிருந்து அழைப்புகள் வரத் தொடங்கும். ப்ரீபெய்டு என்றால் பில் வராது என்றாலும், டெபாசிட்டும் ரூட்டரும் கணக்கில் அப்படியே நிற்கும். வாடிக்கையாளர் சேவை மையத்தில் பேசியவர் வாய்மொழியாகச் சொன்ன “முடிச்சிடறோம் சார்” என்பதை நம்பி இருந்துவிடக் கூடாது. பதிவு செய்த கைப்பேசி எண்ணிலிருந்தோ நிறுவனத்தின் செயலி வழியாகவோ கோரிக்கை வைத்து, அதற்கான எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே செய்தியை மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுவது நல்லது. கணக்கு எண், துண்டிக்க வேண்டிய தேதி, கோரிக்கை எண் ஆகிய மூன்றும் அந்த மின்னஞ்சலில் இருந்தால் போதும்.

ரூட்டரைத் திருப்பிக் கொடுக்கும்போது இன்னும் கவனம் தேவை. அந்தப் பெட்டியைக் கவிழ்த்தால் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சீட்டில் வரிசை எண் அச்சிடப்பட்டிருக்கும். அது தெளிவாகத் தெரியும்படி, அடாப்டரையும் பக்கத்தில் வைத்து, ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிச் செல்ல வருபவரிடம் அந்த வரிசை எண்ணும் தேதியும் குறிப்பிட்ட ஒப்புகையைப் பெறாமல் பெட்டியைக் கொடுக்காதீர்கள். கேபிள்காரர் தெரிந்தவர்தானே என்று கையோடு கொடுத்தனுப்பிவிட்டு, ரூட்டர் வரவில்லை என்று பிறகு நிறுவனம் டெபாசிட்டைப் பிடித்துக்கொண்டால், நம்மிடம் காட்டுவதற்கு எதுவும் இருக்காது. டெபாசிட் மட்டுமே திரும்ப வரும் தொகை, இணைப்புக் கட்டணம் திரும்ப வராது என்ற வேறுபாட்டையும் முதல் ரசீதிலேயே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி பில்லைச் செலுத்தி முடித்த பிறகு யுபிஐ ஆட்டோபேயையோ கிரெடிட் கார்டில் கொடுத்த தானியங்கி அனுமதியையோ ரத்து செய்துவிடுங்கள். இத்தகைய அனுமதியின்பேரில் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடுபவர்கள்தான் மூடிய கணக்குக்கும் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பழைய இணைப்பின்மீது உள்ள கோபத்தில், புதியது வருவதற்கு முன்பே அதைச் சரண்டர் செய்துவிடுகிறார்கள். நாளைக்கே வருகிறோம் என்று சொன்ன புதிய நிறுவனம், கம்பத்தில் இடமில்லை, குடியிருப்புச் சங்கம் அனுமதிக்கவில்லை, தெருவிலுள்ள இணைப்புப் பெட்டியில் போர்ட் (வயர் செருகும் இடம்) காலியில்லை என்று நாட்களைக் கடத்தக்கூடும். வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் இருக்கும் வீட்டில் இது பெரிய இழப்பு. ஓரிரு வாரமாவது இரண்டு இணைப்புகளும் சேர்ந்து இருக்கட்டும். அந்த நாட்களில், எல்லோரும் பயன்படுத்தும் இரவு எட்டு மணி முதல் பதினொரு மணி வரையிலான நேரத்திலும், முடிந்தால் மழை பெய்யும் ஒரு நாளிலும் புதிய இணைப்பைச் சோதித்துப் பார்த்துவிட வேண்டும். அதற்காகும் கூடுதல் செலவு வீண்செலவு அல்ல.

நிறுவனத்தின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது இன்னொரு தவறு. நம் வீட்டு வாசல்வரை கேபிளை இழுத்துப் பராமரிப்பவர் பல ஊர்களில் நிறுவனத்தின் ஊழியராக இருப்பதில்லை; அவர் அந்தப் பகுதியின் கேபிள் ஆபரேட்டராகவோ பங்குதாரராகவோ இருப்பார். பிஎஸ்என்எல் ஃபைபரும் பல இடங்களில் இப்படித்தான் வருகிறது. அதனால் ஒரே நிறுவனம் ஒரு தெருவில் நன்றாகவும் அடுத்த தெருவில் மோசமாகவும் இருப்பது இயல்பு. விளம்பரத்தைவிட, அதே தெருவில் அதே இணைப்பை வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம், லைன் அறுந்தால் எத்தனை நாளில் ஆள் வருகிறார் என்று கேட்பது பயனுள்ளது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, மரங்களோடும் கம்பங்களோடும் சேர்ந்து மேலே தொங்கிய கேபிள்களும் அறுந்து விழுந்தன. புதிய நிறுவனத்தின் கேபிளும் பழையதைப் போலவே அதே கம்பங்களின் வழியாகத்தான் வருகிறது என்றால், மழைக்காலத்துத் துண்டிப்புக்காக நிறுவனத்தை மாற்றுவதில் பெரிய பயன் இருக்காது.

விலையைப் பொறுத்தவரை, விளம்பரத்தில் காணும் தொகையோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். 499 ரூபாய் பிளானுக்குக் கட்ட வேண்டியது ஏறத்தாழ 589 ரூபாய். ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் ரூட்டர் இலவசம், ஒரு மாதம் இலவசம் என்பார்கள். பழகிப் பார்க்காத இணைப்புக்கு ஒரு வருடப் பணத்தை முன்கூட்டியே கொடுப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இடையில் விலகினால் மீதித் தொகை திரும்பக் கிடைக்குமா என்பதற்கு எழுத்தில் பதில் வாங்காமல் கட்டவே கூடாது. வரம்பற்றது என்று சொல்லப்படும் பிளான்களிலும் மாதத்துக்கு 3,300 ஜிபி போன்ற ஒரு வரம்பு பெரும்பாலும் இருக்கும். அதைத் தாண்டினால் வேகம் வெகுவாகக் குறையும். சாதாரணக் குடும்பம் அதை எட்டுவது அரிது என்பதால், இதை அறிந்துவைத்திருந்தாலே போதும்.

வேகத்தைப் பற்றிய தவறான புரிதலால் தேவையே இல்லாமல் நிறுவனத்தை மாற்றுபவர்களும் இருக்கிறார்கள். 100 எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்ததே ஒரு பைட் என்பதால், பதிவிறக்கத்தில் விநாடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் வராது. அதிக வேக பிளானுக்கு மாறியும் பழைய ரூட்டரையே வைத்துக்கொண்டால், அதன் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கும் பட்சத்தில் கூடுதலாகக் கட்டும் பணம் வீண். பின்பக்க அறையில் வைஃபை கிடைக்கவில்லை என்பது நிறுவனத்தின் குறையாக இல்லாமல், வாசலுக்கு அருகில் டிவி அலமாரிக்குள் ரூட்டர் வைக்கப்பட்டிருப்பதால் ஏற்பட்டதாகவும் இருக்கலாம். மடிக்கணினியை லேன் வயரால் ரூட்டரோடு இணைத்து ஸ்பீடு டெஸ்ட் செய்து பாருங்கள். அங்கே முழு வேகம் வந்தால் கோளாறு வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது.

இணைப்புக் கொடுக்க வரும் நாளில் வீட்டில் இருப்பவர் விவரம் அறிந்தவராக இருக்க வேண்டும். வருபவர் ஃபைபர் முனையைச் சிறிய மீட்டரில் செருகிப் பார்ப்பார். அதில் வந்துசேரும் ஒளியின் வலிமையைக் காட்டும் ஒரு எண் மைனஸ் குறியோடு தெரியும். அது மைனஸ் 20ஐ ஒட்டியிருந்தால் நல்லது. மைனஸ் 27ஐ நெருங்கினால் இணைப்பு அடிக்கடி விட்டுப்போகும், ரூட்டரில் சிவப்பு விளக்கு மின்னும். அந்த எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. சுவர் மூலையில் ஃபைபரை மடக்கி ஆணியடிப்பதைப் பார்த்தால் அங்கேயே தடுத்துவிடுங்கள், ஏனென்றால் கூர்மையான மடிப்பில் ஒளி கசிந்து அந்த எண் இன்னும் மோசமாகும். புதிய ரூட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையுமே வைத்தால், டிவி, கேமரா, தாத்தாவின் கைப்பேசி என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து சிசிடிவி பார்ப்பவர்கள், பொது ஐபி முகவரி (இணையத்தில் நம் இணைப்புக்கென்றே உள்ள தனி முகவரி) கிடைக்குமா என்பதை முன்பே கேட்டுவிட வேண்டும். பல நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதால், நேரடியாகத் தொடர்புகொள்ளும் கேமராக்கள் வேலை செய்யாமல் போகும். பழைய லேண்ட்லைன் எண்ணும் புதிய நிறுவனத்துக்கு வராது. வங்கியிலோ எரிவாயு முகமையிலோ அந்த எண்ணைக் கொடுத்திருந்தால் முதலில் அங்கே மாற்றுங்கள்.

டெபாசிட் வரவில்லை, மூடிய கணக்குக்கு பில் வருகிறது என்றால் முதலில் நிறுவனத்தின் புகார் மையம். அங்கே தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பை நாடலாம். 39 நாட்களுக்குள் அது முடிவு சொல்ல வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012ஆம் ஆண்டு விதிமுறை கூறுகிறது. டிராய்க்கே எழுதிவிட்டுக் காத்திருப்பது வீண், ஏனெனில் அந்த ஆணையம் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். தொலைத்தொடர்புத் தகராறுகளை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்க முடியுமா என்று நெடுநாள் நிலவிய ஐயத்தை, முடியும் என்று கூறி உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்த்துவைத்தது. மாவட்ட ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. அங்கே முதலில் கேட்கப்போவது துண்டிக்கக் கோரிய மின்னஞ்சலையும் ரூட்டர் ஒப்புகையையும் கடைசி பில்லின் ரசீதையும்தான்.