பங்குனிக் களப்பில் உள்ளானுக்கு வளையமிடுதல்

மாரியில் நிரம்பிய களப்புகள் மாசி, பங்குனியில் வற்றத் தொடங்கும். வட இலங்கையின் சுண்டிக்குளத்திலும் நந்திக்கடலிலும் வங்காலைத் தரவையிலும் எஞ்சிய சேற்றுக் குட்டைகளில்தான் வலசை வந்து வடக்கே திரும்பும் கரைப்பறவைகளான உள்ளான்கள் நெருக்கமாக மேயும். விடியலில் சூரியன் முதுகுப்புறம் இருக்க நின்று, முதலில் நிறத்தைப் பாருங்கள். வளைமூக்கு உள்ளானின் வெளிறிய நெஞ்சு சித்திரை நெருங்க நெருங்கச் செங்கல் நிறமாகும். நிறம் மாறியவை எத்தனை, மாறாதவை எத்தனை என்று நாள்தோறும் எண்ணுங்கள். கூட்டம் கிளம்பும் நாள் கிட்டுவது அதில் தெரியும். கண்ணிவெடி அபாயம் காட்டும் மண்டையோட்டுப் பலகை நட்ட பற்றைக்குள் மட்டும் கால் வைக்காதீர்கள்.

பறவையின் பயணத்தை அறிய அதன் காலில் இலக்கம் பொறித்த வளையமிட வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், பழகிய கையும் வேண்டும். நிலவில்லாத, காற்று விழுந்த இரவில் மிஸ்ட் வலை (பறவை பிடிக்கும் மெல்லிய நூல் வலை) கட்டுங்கள்; காற்றில் வலை இறுகினால் பறவை பட்டுத் தெறித்துவிடும். வலையின் கீழ்த்தட்டு தண்ணீருக்கு மேல் முழங்கால் உயரமாவது இருக்கட்டும். பறவையின் பாரத்தில் வலை தொய்யும்; தண்ணீரைத் தொட்டால் பறவை மூழ்கிச் சாகும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வலையைப் பார்ப்பதில் விட்டுக்கொடுப்பே கூடாது. பறவை எந்தப் பக்கத்தால் நுழைந்தது என்று கண்டுபிடித்து, அந்தப் பக்கமாகவே, கால்களை முதலில் விடுவித்து எடுங்கள்.

பவளக்காலி, கருவால் மூக்கன் போன்ற நெடுங்காலிகளை முதலில் முடித்து அனுப்புங்கள். அவற்றைக் கால் மடிந்தபடி பையில் வைத்திருந்தால் தசை இறுகி, விட்டதும் நிற்க முடியாமல் சரியும். நிற்க உயரமுள்ள, காற்றுப் போகும் பெட்டியே நல்லது.

வளையம்தான் முதல் வேலை, அளவெல்லாம் பிறகு. வளையத்தின் இரு முனையும் இடைவெளியின்றிச் சேர வேண்டும். முடி நுழையும் வெடிப்பு இருந்தாலும் வலை நூலோ பாசியோ சிக்கும். மூடியபின் மேலும் கீழும் நகர்த்தி, சுற்றிப் பாருங்கள். தடையின்றி ஓட வேண்டும். முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டால் அவசரப்பட்டு இழுக்காதீர்கள், கால் முறியும், அனுபவசாலியிடம் கொடுங்கள். இலக்கத்தை ஒருவர் வாசிக்க மற்றவர் எழுதி, திருப்பி வாசிக்கட்டும்.

பிறகு சிறகை 1 மில்லிமீற்றர் துல்லியத்திலும், நிறையை 0.1 கிராம் துல்லியத்திலும் அளக்கலாம். தொண்டைக் குழியில் மெல்ல ஊதினால் இறகு விலகும். தோலுக்கடியில் மஞ்சள் கொழுப்புக் குழியை நிரப்பியிருந்தால் அது பயணத்துக்குத் தயாரான பறவை. விடுமுன் விளக்கை அணைத்து, கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடம் கொடுத்து, தரையில் விடுங்கள்.

மீன்வலையில் செத்த பறவையின் காலில் வளையம் கண்டால் மீனவர்கள் எறிந்துவிடாமல் இலக்கத்தைப் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள். ‘பொம்பே’ என்று பொறித்திருந்தால் அது இந்தியாவில் இட்டது. கோடியக்கரையில் நெடுங்காலமாக வளையமிடுகிறார்கள். உயிருள்ள பறவையின் வளையத்தைக் கழற்றவே கூடாது. காலில் இட்ட நிறக்கொடி (எழுத்துள்ள நிறப் பிளாஸ்டிக் துண்டு) என்றால் எந்தக் கால், கால் மடிப்புக்கு மேலா கீழா, எந்த நிறம், என்ன எழுத்து என்ற நான்கையும் அந்த இடத்திலேயே எழுதுங்கள்.