டூரிங் பைக்கில் குயிக்ஷிஃப்டர்: காசு போடலாமா, போட்டால் எப்படி ஓட்டுவது

2024 செப்டம்பரில் டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310 புதுப்பிக்கப்பட்டபோது, அதே சிவப்பு வண்டி இரண்டு ஷோரூம் விலைகளில் வந்தது. கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்ற உதவும் குயிக்ஷிஃப்டர் இல்லாமல் 2.75 லட்சம், இருந்தால் 2.92 லட்சம். வித்தியாசம் 17,000 ரூபாய். ஓசூரில் தயாராகும் இந்த வண்டியை ரேஸ் டிராக்குக்காக மட்டும் வாங்குவதில்லை, பின்னால் பையைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்புபவர்களும் உண்டு. அவர்களுக்கு அந்தப் பணம் ஒரு ஜோடி நல்ல டயர், அல்லது சேடில் பேக்கும் சீட் வேலையும்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வண்டியோடு வருகிறதென்றால் மறுக்க வேண்டாம். கியர் ஏற்றவும் இறக்கவும் உதவும் இருவழி குயிக்ஷிஃப்டர் என்றால், மலைப்பாதையில் அதிகம் ஓட்டுபவர் கொஞ்சம் கூடக் கொடுத்தும் வாங்கலாம். கியர் ஏற்ற மட்டும் உதவுவதை வெளியில் வாங்கிச் சின்ன சிங்கிள் சிலிண்டர் வண்டியில் மாட்டுவது வீண் செலவு. ஏன் என்று புரிய, கியர் பாக்ஸுக்குள் ஒரு முறை எட்டிப்பார்க்க வேண்டும்.

உள்ளே நடப்பது என்ன

பைக்கின் கியர் பாக்ஸில் எல்லாக் கியர்களும் எப்போதும் பல் கோத்தபடியேதான் சுற்றுகின்றன. நாம் லீவரைத் தட்டும்போது ஷிஃப்ட் ஃபோர்க் ஒரு கியரைப் பக்கவாட்டில் நகர்த்துகிறது. அதன் பக்கவாட்டில் துருத்தி நிற்கும் டாக் பற்கள் ஒரு கியரிலிருந்து கழன்று அடுத்ததில் போய் மாட்டுகின்றன, அவ்வளவுதான். ஆனால் இன்ஜின் இழுத்துக்கொண்டிருக்கும்வரை அந்தப் பற்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்திருக்கும். கிளட்ச் பிடிப்பது இந்த நெருக்கத்தை விடுவிக்கத்தான்.

குயிக்ஷிஃப்டர் அதையே வேறு வழியில் செய்கிறது. லீவர் ராடிலோ ஷிஃப்ட் ஷாஃப்டிலோ இருக்கும் சென்சார் காலின் அழுத்தத்தை உணர்ந்ததும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு. சுமார் 50 முதல் 80 மில்லிசெகண்ட் வரை இக்னிஷனையோ பெட்ரோலையோ நிறுத்துகிறது. இழுவை அறுந்த அந்தக் கணத்தில் டாக் தளர்ந்து அடுத்த கியர் விழுகிறது. இறக்கும்போது கதை தலைகீழ். பின்சக்கரம் இன்ஜினைத் தள்ளிக்கொண்டிருக்கும் என்பதால், இ.சி.யு. த்ராட்டிலைத் தானே சற்றுத் திறந்து ஆர்.பி.எம்.மை, அதாவது இன்ஜின் சுற்றும் வேகத்தை, உயர்த்தித் தர வேண்டும். ரைடு-பை-வயர் (த்ராட்டிலைக் கேபிளுக்குப் பதில் எலக்ட்ரானிக்காகத் திறக்கும் முறை) இல்லாத வண்டியில் இது நடக்காது. கேபிள் ஆக்சிலேட்டர் வண்டிகளில் ஏற்றுவதற்கு மட்டும் குயிக்ஷிஃப்டர் வருவது இதனால்தான்.

இதிலிருந்தே முக்கிய விதி கிடைத்துவிடுகிறது: ஏற்றும்போது ஆக்சிலேட்டர் திறந்திருக்க வேண்டும், இறக்கும்போது முழுவதும் மூடியிருக்க வேண்டும். ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டு ஏற்றினால் இக்னிஷனை நிறுத்துவதில் பயனில்லை. பற்கள் ஏற்கெனவே எதிர்ப்பக்கம் நெருங்கிக் கிடக்கும். லீவர் கல்லாக நிற்கும், அல்லது ‘டங்’ என்று அடித்து விழும். குயிக்ஷிஃப்டர் சரியில்லை என்று சர்வீஸ் சென்டருக்கு வரும் புகார்களில் பாதிக்கு இதுதான் காரணம் என்றால் மெக்கானிக்குகள் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

குறைந்த ஆர்.பி.எம்.மில் ஏன் குத்துகிறது

டூரிங்கில் பெரும்பாலும் ஓட்டுவது 3,000 முதல் 5,000 ஆர்.பி.எம்.முக்குள். குயிக்ஷிஃப்டருக்குப் பிடிக்காத இடமும் அதுதான்.

நான்கு ஸ்ட்ரோக் சிங்கிள் சிலிண்டரில் 3,000 ஆர்.பி.எம்.மில் 40 மில்லிசெகண்டுக்கு ஒரு முறைதான் எரிப்பு நடக்கும். 60 மில்லிசெகண்ட் நிறுத்தத்தில் ஒன்றோ இரண்டோ எரிப்புதான் தவறும். ஒன்றா இரண்டா என்பது நீங்கள் லீவரைத் தட்டிய கணம் எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்தது. அதனால்தான் ஒரே வேகத்தில், ஒரே கியரில், ஒரு முறை வெண்ணெயாக வழுக்கும் வண்டி அடுத்த முறை முதுகில் குத்துகிறது. 7,000 ஆர்.பி.எம்.மில் எரிப்புகளுக்கிடையே 17 மில்லிசெகண்ட்தான், மூன்று நான்கு தவறும், இந்த ஏற்ற இறக்கம் தெரியாது. இரண்டு சிலிண்டர், நான்கு சிலிண்டர் வண்டிகளில் எரிப்பு இன்னும் நெருக்கம் என்பதால் கீழேயும் ஓரளவு நயமாக விழும். கவாசாகி தன் நிஞ்ஜா 1000 எஸ்.எக்ஸ்., வெர்சிஸ் 1000 வண்டிகளில் 2,500 ஆர்.பி.எம்.முக்கு மேல்தான் இந்த வசதி இயங்கும் என்று வகுத்திருக்கிறது. அவை நான்கு சிலிண்டர் வண்டிகள். கே.டி.எம். 390 அட்வென்ச்சர் போன்ற சிங்கிள் சிலிண்டரில் 4,500-க்குக் கீழே கிளட்சையே பிடிப்பது நல்லது.

ஓட்டும் முறை

1-லிருந்து 2-க்கு எப்போதும் கிளட்ச் பிடித்தே மாற்றுங்கள். நடுவில் நியூட்ரல் இருக்கிறது, இரண்டு கியருக்கும் விகித இடைவெளியும் அதிகம். பின்னால் ஆள் இருந்தால் அவர் ஹெல்மெட் உங்கள் ஹெல்மெட்டில் முட்டும் சத்தமே போதும், புரிந்துவிடும்.

3-க்கும் அதற்கு மேலும் ஏற்றும்போது ஆக்சிலேட்டரைக் கால்வாசிக்கு மேல் திறந்து, கையை அசைக்காமல் அப்படியே பிடித்து, லீவரை ஒரே மூச்சில் முழுத்தூரம் தூக்குங்கள். தயங்கித் தயங்கி அழுத்தினால் சென்சார் முன்கூட்டியே நிறுத்திவிடும். கியர் விழுவதற்குள் இழுவை திரும்பி வந்து, டாக் சரியாக மாட்டாமல், எந்தக் கியரிலும் நிற்காத ஃபால்ஸ் நியூட்ரல் கிடைக்கும். கிடைத்தால் பதறி மறுபடி தட்ட வேண்டாம். கிளட்சைப் பிடித்து, கியரைப் போட்டு, பிறகு விடுங்கள். மாற்றி முடித்ததும் காலை லீவரிலிருந்து எடுத்துவிட வேண்டும். அழுத்தம் முழுவதும் நீங்கினால்தான் சென்சார் அடுத்த மாற்றத்துக்குத் தயாராகும்.

இறக்கும்போது ஆக்சிலேட்டரை மூடி, பிரேக்கில் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு கியராக இறக்குங்கள். 6-லிருந்து படபடவென்று 2 வரை தட்டிக்கொண்டே போனால், ஆர்.பி.எம். எல்லை மீறும் இடத்தில் இ.சி.யு. உதவியை நிறுத்திக்கொள்ளும். நிற்கப்போகிறீர்கள் என்றால் கடைசி இரண்டு கியருக்குக் கிளட்ச்தான்.

எங்கே உதவும், எங்கே உதவாது

தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் இதனால் ஒரு பயனும் கிடையாது. கிளம்பவும் நிற்கவும் கிளட்ச் வேண்டும், அங்கே இடது கை வலிப்பதே அதனால்தான். அந்த வலிக்கு மருந்து வேண்டுமென்றால் கிளட்சைத் தானே இயக்கிக்கொள்ளும் ஹோண்டா இ-கிளட்ச், டி.சி.டி., பி.எம்.டபிள்யூ ஏ.எஸ்.ஏ. போன்றவற்றைப் பாருங்கள். அவை வேறு ரகம், வேறு விலை. நான்குவழிச் சாலையிலும் 6-ல் போட்டுவிட்டால் மணிக்கணக்கில் லீவரைத் தொடவே மாட்டீர்கள். லாரியைத் தாண்ட 6-லிருந்து 5, திரும்ப 6 என்று மாற்றும் அந்தச் சில நொடிகளில் மட்டும் சுகமாக இருக்கும்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது 1-க்கும் 2-க்கும் நடுவில்தான் பிழைப்பு. அங்கும் கிளட்ச்தான். இறங்கும்போதுதான் இருவழி குயிக்ஷிஃப்டர் தன் விலைக்கு நியாயம் செய்கிறது. ஆழியாறிலிருந்து வால்பாறை போகும் 40 வளைவுகளில், மழைக்குப் பின் இறங்கும்போது இரண்டு விரல் முன்பிரேக்கில் இருக்க, 4-லிருந்து 3 ஆர்.பி.எம். பொருந்தி விழுகிறது. பின்சக்கரம் துள்ளுவதில்லை, பின்னால் இருப்பவர் முன்னால் சரிவதில்லை. ஸ்லிப்பர் கிளட்ச் (கியர் இறக்கும்போது இன்ஜின் பின்சக்கரத்தைப் பிடித்திழுக்காமல் சற்று நழுவ விடும் கிளட்ச்) இருந்தால் துள்ளல் எப்படியும் குறையும். ஆனால் வலது கையைப் பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் பங்குபோட வேண்டியதில்லை என்பது களைத்துப்போன எட்டாவது மணி நேரத்தில் பெரிய விஷயம்.

குத்தினால் எங்கே பார்ப்பது

முதலில் லீவர் உயரம். டூரிங் பூட்டின் முனை தடிமனானது. தொழிற்சாலை உயரத்தில் விட்டால் பூட் லீவரை லேசாக அழுத்திக்கொண்டே இருக்கும். சென்சார் குழம்பி, ஓட்டும்போதே இன்ஜின் விக்கும், அல்லது குயிக்ஷிஃப்டர் இயங்காமல் நிற்கும். ஃபுட்பெக்கில் பாதத்தைச் சாதாரணமாக வைத்தால் பூட்டின் மேல்பக்கத்துக்கும் லீவருக்கும் ஒரு விரல் இடைவெளி தெரிய வேண்டும். லாக் நட்டைத் தளர்த்தி ராடை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்பிச் சரிசெய்யுங்கள். சென்சார் ராடில் இருந்தால், நட்டை இறுக்கும்போது சென்சார் உடலைத் திருக விடாமல் இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். திருகினால் ஒயர் அறும்.

அடுத்தது செயின். தொங்கல் அதிகமானால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்தத் தளர்வு முழுக்க எடுத்து அடிக்கும், பழி குயிக்ஷிஃப்டர் மேல் விழும். சக்கரத்தைச் சுற்றி, மிக இறுக்கமான இடத்தில் அளந்து, மேனுவல் சொல்லும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். பைகளும் ஆளும் ஏறினால் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மின் கோணம் மாறும் என்பதால், தேவைக்கு மேல் இறுக்கவும் கூடாது.

பிறகு கிளட்ச் சுவிட்ச். லீவர் கொஞ்சம் இழுபட்டிருந்தாலும் இ.சி.யு. ‘கிளட்ச் பிடித்திருக்கிறார்’ என்று எடுத்துக்கொண்டு குயிக்ஷிஃப்டரை அணைத்துவிடும். விரலைக் கிளட்ச் மேலேயே வைத்து ஓட்டும் பழக்கமுள்ளவருக்கு இது அடிக்கடி நடக்கும். கேபிள் கிளட்சில் ஃப்ரீ பிளே (கேபிள் இறுகுமுன் லீவர் அசையும் தளர்வு) இல்லாவிட்டாலும் இதே கதை. பல வண்டிகளுக்கு லீவர் முனையில் 10 முதல் 15 மி.மீ. இருக்க வேண்டும். மழையில் ஓட்டியபின் திடீரென்று வேலை செய்யவில்லை என்றால் சென்சார் கனெக்டரைக் கழற்றி உலர்த்திப் பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கிளட்ச் பிடித்தாலும்கூட 2-வது கியர் நழுவுகிறது என்றால் பிரச்சினை டாக்கிலோ ஃபோர்க்கிலோ இருக்கிறது. இன்ஜின் பிரிக்க வேண்டிய வேலை அது, ஓட்டிக்கொண்டே தள்ளிப்போடாதீர்கள்.

வெளியில் வாங்கி மாட்டுவதென்றால்

வாரண்டி முடியாத வண்டியில் ஒயரிங்கில் கை வைக்காதீர்கள். மற்றபடி வாங்கும் முன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, சென்சார் தள்ளும் திசையா, இழுக்கும் திசையா: கியர் ஏற்றும்போது ராட் அழுத்தப்படுகிறதா, இழுபடுகிறதா என்று கையால் லீவரைத் தூக்கிப் பார்த்தால் தெரியும். இரண்டு, அது இக்னிஷன் காயிலை நிறுத்துகிறதா, பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரையா. காயிலை மட்டும் நிறுத்தினால் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போய் வெடிக்கும், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடேறிக் கெடும். டூரிங்குக்கு இன்ஜெக்டர் நிறுத்தமே மேல்.

கில் டைமை (இன்ஜின் இழுவையை நிறுத்தும் நேரத்தை) 2-3 மாற்றத்துக்கு 75 மில்லிசெகண்டில் தொடங்கி, ஒரு நேரத்தில் 5 மட்டும் குறையுங்கள். டாக் முழுதாக மாட்டாமல் ‘கிர்’ என்ற முதல் சத்தம் கேட்ட இடத்திலிருந்து 10 கூட்டி அங்கேயே நிறுத்துங்கள். மேல் கியர்களுக்கு இடைவெளி குறைவு, இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். ஆளும் பையும் ஏற்றிய நிலையில்தான் இதைச் செய்ய வேண்டும். காலி வண்டியில் சரியாக வந்த அளவு சுமையோடு மாறும்.

ஹிமாலயன் 450 மாதிரி குயிக்ஷிஃப்டர் இல்லாத வண்டி வைத்திருப்பவர்கள் செலவில்லாமல் ஒன்று செய்து பார்க்கலாம். 3-க்கு மேல், 4,000 ஆர்.பி.எம்.முக்கு மேல், லீவரை லேசாக மேலே தாங்கிப் பிடித்து, ஆக்சிலேட்டரைச் சட்டென்று கொஞ்சம் மட்டும் மூடுங்கள். நெருக்கம் விட்ட கணத்தில் கியர் தானே விழும், உடனே திறந்துவிடலாம். காலால் பலம் கொடுத்துத் தள்ளினால் ஷிஃப்ட் ஃபோர்க் வளையும், தாங்கினால் போதும். இறக்குவதற்கு மட்டும் கிளட்சைப் பிடியுங்கள்.