கரப்பான் (எக்ஸிமா) கைக்கு சோப்பு பார்த்து வாங்குறது எப்படி? (மஞ்சள் பேப்பர் டெஸ்ட்டோட)

மீன் வெட்டுறவங்க, நண்டு உடைக்கிறவங்க, கருவாட்டுக்கு உப்பு போடுறவங்க, கடல்ல முங்கி பாசி எடுக்கிற அக்காமாரு, இவங்க எல்லாருக்கும் கை பாதி நாள் ஈரத்துலயேதான் கெடக்கு. அது போதாதுன்னு கவிச்சி போகணுமேன்னு துணி சோப்பையோ பாத்திரம் வெளக்குற சோப்பையோ போட்டு பரபரன்னு தேய்ப்பாங்க. கரப்பான் இருக்கிற கை அதுக்கு தாங்குமா? விரல் இடுக்கு உரிஞ்சு, கணுவுல வெடிச்சு, உப்புத்தண்ணி பட்டா உசுரு போயிட்டு வரும். ஒண்ணு முதல்லயே சொல்லிடுறேன், கரப்பானை குணமாக்குற சோப்புன்னு ஒண்ணும் கிடையாது, யாராவது சொல்லி வித்தா வாங்காதீங்க. கைய மேற்கொண்டு கெடுக்காத சோப்பு இருக்கு, அதை எப்படி பொறுக்குறதுன்னு பாப்போம்.

ஸ்டெப் 1: சோப்புக்கு முன்னாடி தண்ணி

நம்ம கடற்கரைப் பக்கம் மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டின்னு எங்க போனாலும் போர் தண்ணி உப்பு ஏறித்தான் இருக்கும், காவிரித் தண்ணி வந்தா குடத்துல புடிச்சு குடிக்க வச்சுக்கிறோம், கை கழுவுறது எல்லாம் போர் தண்ணிதான். ஒரு காலி வாட்டர் பாட்டில்ல பாதி அளவு அந்தத் தண்ணிய ஊத்தி, சாதாரண குளியல் சோப்பை கத்தியால கொஞ்சம் சுரண்டிப் போட்டு, மூடி நல்லா குலுக்குங்க. நுரை நிக்காம, தண்ணி பால் மாதிரி கலங்கி, மேல வெள்ளையா திரி திரியா மிதந்துச்சுன்னா அது கடினத் தண்ணி. தண்ணில இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் சோப்போட சேர்ந்து திரண்டதுதான் அந்தத் திரி. பக்கெட் ஓரத்துல வழுவழுன்னு படியுதே, அதேதான், மோதிரத்துக்கு அடியிலயும் விரல் இடுக்குலயும் தங்கி நமநமன்னு அரிக்கும்.

அதுக்காக ஆயிரக்கணக்குல குடுத்து தண்ணி மெதுவாக்குற மெஷின் வாங்க ஓடாதீங்க. இங்கிலாந்துல கரப்பான் இருக்கிற 336 பிள்ளைங்க வீட்டை வச்சு இதை ஆராய்ச்சி பண்ணி 2011ல முடிவு போட்டாங்க, மெஷின் மாட்டுனதால நோய்ல பெருசா வித்தியாசம் இல்லைன்னு. நம்மளுக்கு கடைசியா அலசுறதுக்கு ஒரு சொம்பு நல்ல தண்ணி இருந்தா போதும், காவிரித் தண்ணியோ ஊத்துத் தண்ணியோ மழைக்கு புடிச்சு வச்சதோ.

ஸ்டெப் 2: கவரோட பின்பக்கம்

முன்பக்கத்துல பால், தேன், கத்தாழை, வேப்பிலைன்னு படம் போட்டிருக்கும், அதை விட்டுருங்க, திருப்புங்க. டிஎஃப்எம்னு ஒரு நம்பர் இருக்கும், மொத்த கொழுப்புப் பொருள். இந்திய தர அளவுல 76 சதவீதத்துக்கு மேல இருந்தா கிரேடு 1, 70க்கு மேல கிரேடு 2, 60க்கு மேல கிரேடு 3. நிறைய பேரு இதோட நிறுத்திக்கிறாங்க, கிரேடு 1 வாங்கியாச்சு கைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு. சாதாரண கைக்கு சரிதான். ஆனா கொழுப்பையும் காரத்தையும் (ஆல்கலி) சேர்த்து செய்யுற எந்த சோப்பா இருந்தாலும், அது கிரேடு 1ஆவே இருந்தாலும், பிஹெச் (புளிப்பா காரமான்னு காட்டுற நம்பர், கூடுனா காரம்) 9, 10ன்னுதான் நிக்கும். நம்ம தோல் லேசான புளிப்பு, 5 பக்கம். கரப்பான் கைல ஏற்கனவே மேல்தோல் ஓட்டை, அதுல இத்தனை காரம் தினம் பத்து தடவை பட்டா எப்படி ஆறும்?

அதனால தேட வேண்டியது சின்டெட் பார்னு சொல்ற வகை. பாக்க சோப்புக்கட்டி மாதிரியே இருக்கும், ஆனா உள்ள இருக்கிறது வேற, செயற்கையா செஞ்ச அழுக்கு நீக்குற பொருள் (சிந்தெட்டிக் டிடர்ஜென்ட், அதைச் சுருக்கித்தான் சின்டெட்). பின்பக்க லிஸ்ட்ல முதல் பேரு சோடியம் பால்மேட், சோடியம் பாம் கெர்னலேட்னு இருந்தா அது பழைய மாதிரி சோப்பு. சோடியம் கோகாயில் ஐசெதியோனேட், இல்லன்னா லாராயில் ஐசெதியோனேட்னு "ஐசெதியோனேட்"ல முடிஞ்சா சின்டெட். இது புதுசு ஒண்ணும் இல்ல, அமெரிக்காவுல டவ் 1957லயே இப்படித்தான் வந்துச்சு (சாதாரண டவ்ல வாசனை உண்டு, அதை நாலாவது ஸ்டெப்ல சொல்றேன்). இந்த வகைக்கு கடினத் தண்ணிலயும் அந்த வெள்ளைத் திரி ரொம்ப வராது, நம்ம ஊருக்கு அதுவே பெரிய லாபம். இதுல நிறைய கட்டிக்கு கவர்ல "பேதிங் பார்"னு போட்டு டிஎஃப்எம் கம்மியா இருக்கும், அதைப் பாத்து மட்டமான சரக்குன்னு வச்சிட்டு வந்துறாதீங்க.

ஸ்டெப் 3: மஞ்சள் பேப்பர்

இது எனக்கு ரொம்பப் புடிச்ச வேலை. கவர் எழுத்து பொடியா இருந்தாலும், கவரே தூக்கிப் போட்டிருந்தாலும் பரவால்ல. சமையல் மஞ்சத்தூள் ஒரு சிட்டிகை, கைக்கு போடுற சானிடைசர் கொஞ்சம், ரெண்டையும் குழைச்சு வெள்ளை பேப்பர்ல தடவி நிழல்ல காய வைங்க. சோப்பை கேன் தண்ணில நனைச்சு (போர் தண்ணி வேணாம், அதுவே லேசா நிறம் மாத்திரும்) நுரையை ஒரு சொட்டு பேப்பர் மேல வைங்க. பக்கத்துலயே வெறும் கேன் தண்ணி ஒரு சொட்டு. சாதாரண சோப்பு வச்ச இடம் வெத்தலை துப்புன மாதிரி செவந்துரும், சின்டெட் வச்ச இடம் மஞ்சளாவே நிக்கும். தெரிஞ்சவங்க யாராவது இறால் பண்ணைல வேலை பாத்தா அவங்ககிட்ட பிஹெச் கிட் இருக்கும், நம்பராவே பாத்துக்கலாம்.

ஆனா இது காரத்தை மட்டும்தான் காட்டும். சோடியம் லாரில் சல்ஃபேட் போட்ட லிக்விடும் மஞ்சளாவே நிக்கலாம், ஆனா தோலுக்கு அது எரிச்சல் குடுக்கும், தோல் ஆராய்ச்சில வேணும்னே எரிச்சல் உண்டாக்குறதுக்கு எடுக்கிற சாமானே அதுதான். அதனால அடுத்த ஸ்டெப்பையும் விடாதீங்க.

ஸ்டெப் 4: லிஸ்ட்ல இருக்கக் கூடாதது

ஃப்ராக்ரன்ஸ், பர்ஃப்யூம், லிமோனின், லினலூல், இதெல்லாம் வாசனை. "அன்சென்டட்"னு இருந்தா ஏமாறாதீங்க, நாத்தத்தை மறைக்க வாசனை போட்டும் அப்படி எழுதலாம், "ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ"ன்னு இருக்கணும். லிக்விடா இருந்தா மெதில்ஐசோதயசோலினோன் இருக்கான்னு தேடுங்க, கெட்டுப்போகாம இருக்க போடுறது, அமெரிக்க தோல் அலர்ஜி டாக்டர்கள் சங்கம் 2013க்கான அலர்ஜிப் பொருள்னு இதைத்தான் அறிவிச்சாங்க. கிருமி கொல்லும்னு போட்ட சோப்பும் வீட்டுக்குத் தேவையில்ல, ட்ரைக்ளோசன் போட்ட கை சோப்பை அமெரிக்க அரசு 2016லயே நிறுத்தச் சொல்லிருச்சு, சாதாரண சோப்பைவிட நல்லதுன்னு கம்பெனிங்களால காட்ட முடியல.

கடலைமாவு, பயத்தமாவு போடலாமான்னு கேப்பீங்க. வெடிச்ச கைல வேணாம். திறந்த தோல் வழியா சாப்பாட்டுப் புரதம் போனா அந்தச் சாப்பாடே பின்னால ஒத்துக்காம போகலாம். ஜப்பான்ல கோதுமைப் புரதம் சேர்த்த ஒரு முக சோப்பு போட்ட நிறைய பேருக்கு கோதுமை சாப்பிட்டாலே அலர்ஜி வந்துச்சு.

ஸ்டெப் 5: முழங்கை மடிப்புல ட்ரையல்

வாங்குன உடனே கைல போட்டுறாதீங்க. முழங்கை உள்மடிப்புல ஒரு ரூபாய் காசு அளவுக்கு நுரை போட்டு, கை கழுவுற நேரம் வச்சுட்டு அலசிருங்க. காலைல ஒண்ணு சாயந்திரம் ஒண்ணு, ஒரு வாரம் பத்து நாள். செவக்கல அரிக்கல கொப்புளம் வரலன்னா கைக்கு எடுக்கலாம். சின்னக் கட்டியா வாங்கிக்கோங்க, ஒத்துக்காட்டி துட்டு வீணாகாது.

ஸ்டெப் 6: கழுவுற விதம்

மோதிரத்தை கழட்டுங்க. சுடுதண்ணி வேணாம். நுரை கொஞ்சமாத்தான் வரும், அழுக்கு போகலன்னு மறுபடி மறுபடி போடாதீங்க. நல்ல தண்ணில அலசி, துண்டால ஒத்தி எடுத்து, ஈரம் முழுசா காயுறதுக்குள்ள வாசலைனோ வாசனை இல்லாத க்ரீமோ பூசுங்க. சோப்பு எவ்வளவு நல்லதா இருந்தாலும் இதை விட்டா கை காயும்.

கவிச்சிக்கு நம்ம ஆளுங்க எலுமிச்சம்பழம் தேய்ப்பாங்க. மீன் நாத்தம் காரத்தன்மை, புளிப்பு அதை அமுக்கிரும், விஷயம் சரிதான். ஆனா வெடிப்புல பட்டா எரியும், அதைவிட மோசம், சாறு இருக்கிற கையோட வெயில்ல நின்னா தோல் வெந்து கருகருன்னு தழும்பு விழும், நம்ம ஊரு வெயில் சொல்லவே வேணாம். பாம்பன்ல கருவாடு போடுற எங்க சித்தி உள்ள பருத்திக் கையுறை, மேல ரப்பர் கையுறைன்னு மாட்டிக்கிறாங்க. நாத்தமும் ஏறல, கையும் ஊறல. உள்ள இருக்கிற பருத்தி நனைஞ்சதும் மாத்திரணும், அதனால ரெண்டு மூணு ஜோடி கொடியில காயும்.

இத்தனையும் பண்ணியும் சீழ் வைக்குது, மஞ்சளா பொறுக்கு கட்டுது, வட்டமா ஓரம் தடிச்சுப் பரவுதுன்னா சோப்பை மாத்தி பிரயோஜனம் இல்ல. கடைசில சொன்னது படர்தாமரையா இருக்கலாம், அதுக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்குற ஸ்டீராய்டு க்ரீமை பூசுனா இன்னும் பரவும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில தோல் டாக்டர்ட்ட காட்டுங்க, போகும்போது இப்ப போடுற சோப்பு கவரையும் எடுத்துட்டுப் போங்க.