சாயங்கால வகுப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்றால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் பள்ளி மணி அடித்தாலும் பிள்ளைகளின் படிப்பு முடிவதில்லை. டியூஷன் இருக்கிறது, ஊர் வாசகசாலை இருக்கிறது, சர்ச் ஹாலிலும் கோயில் மண்டபத்திலும் நடக்கிற இலவச வகுப்புகள் இருக்கின்றன. 2021 அக்டோபரில் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டமும் வந்தது. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடம் பிடித்த மாவட்டம் இது. ஆனாலும் காது கேட்காத, நடக்கச் சிரமப்படுகிற, ஆட்டிசம் உள்ள, வாசிக்கத் திணறுகிற பிள்ளைகளை இந்த வகுப்புகளில் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. வரவேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. ஏற்பாடுகள் அப்படி அமைந்துவிடுகின்றன. அதுவும் பெரும்பாலும் நல்ல மனதோடு, கீழே வருவது போன்ற பேச்சுகளோடு.

"அம்மா கூட வந்து உட்கார்ந்தால் சேர்த்துக்கொள்கிறோம்"

எனக்குத் தெரிந்து, அதிகப் பிள்ளைகளை வெளியே நிறுத்துவது இந்த ஒரு வாக்கியம்தான். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் அந்த அம்மா யார் என்று பாருங்கள். கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் அவர் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்ப்பவராக இருக்கலாம். முந்திரிப் பருப்பை எடை போட்டுக் கூலி வாங்குகிறவர் சீக்கிரம் கிளம்பினால் அன்றைய கூலி குறையும். கடற்கரை ஊரில் என்றால் மீன் சருவத்தோடு வீடு வீடாகப் போய் விற்கிறவராக இருக்கலாம். அவரிடம் தினமும் ஒன்றரை மணி நேரம் கேட்பது, பிள்ளையை அனுப்பாதே என்று சொல்வதற்குச் சமம்.

சரி, அம்மா வர முடியாது, அக்காவை உடன் அனுப்புங்கள் என்பார்கள். இது இன்னும் மோசம். எட்டாம் வகுப்புப் படிக்கிற அந்த அக்காவும் அதே மையத்துக்குப் படிக்க வந்தவள்தானே? தம்பி அழுதால் அவளைக் கூப்பிடுவார்கள், தண்ணீர் கொட்டினால் அவளைக் கூப்பிடுவார்கள், கழிவறைக்குக் கூட்டிப்போகவும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் கணக்கு நோட்டு முதல் பக்கத்திலேயே நிற்கும். ஒரு வருஷம் போனால் இரண்டு பேருமே வர மாட்டார்கள்.

முதல் இரண்டு வாரம் அம்மாவோ பாட்டியோ வந்து உட்காரட்டும். பிள்ளை எதற்குப் பயப்படுகிறது, பசித்தால் எப்படிக் காட்டும், எந்தச் சத்தம் ஆகாது என்பதெல்லாம் அவர்களிடம்தான் தெரிந்துகொள்ள முடியும். ஆனால் எந்தத் தேதியோடு அது முடியும் என்று முதல் நாளே பேசிவிடுங்கள். அதற்குப் பிறகு பொறுப்பு மையத்தினுடையது. தன்னார்வலர்களில் ஒருவர், முறை வைத்து, அன்றைக்கு அந்தப் பிள்ளையின் பக்கத்தில் இருப்பார். மையத்துக்குப் பணம் வருகிறது என்றால், ஸ்பீக்கர் செட் வாங்குவதற்கு முன்னால் ஊரில் இருக்கிற ஒரு அக்காவுக்கு இந்த வேலைக்குச் சம்பளம் கொடுங்கள்.

"சர்டிபிகேட் இருக்கிறதா?"

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொள்கிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு. குறைபாடு குறைந்தது 40 விழுக்காடு என்று எழுதிய சான்றிதழ் அரசு உதவிகளுக்கும் ஒதுக்கீட்டுக்கும் வேண்டும். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுதிக் காட்டுவதற்கும், முன் வரிசையில் உட்கார வைப்பதற்கும், ஒரு வேலைக்கு இன்னும் பத்து நிமிடம் கொடுப்பதற்கும் எந்தச் சான்றிதழும் வேண்டாம். கற்றல் குறைபாடு உள்ள பல பிள்ளைகளுக்கு ஐந்தாம் வகுப்பு தாண்டியும் எந்தக் காகிதமும் இருக்காது. சோம்பேறி என்ற பெயர் மட்டும் இருக்கும்.

இதற்கு நேர் எதிரான தவறும் நம் மாவட்டத்தில் நடக்கிறது. கேரள எல்லையை ஒட்டிய ஊர்களில் வீட்டில் மலையாளம் பேசுகிற பிள்ளை உண்டு. வடமாநிலத்திலிருந்து செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்தவர்களின் பிள்ளை ஆரல்வாய்மொழிப் பக்கம் உண்டு. புத்தகத் தமிழில் தடுமாறினால் உடனே "இவனுக்கு ஏதோ குறை இருக்கு" என்று எழுதிவிடக் கூடாது. நேற்று வீட்டில் நடந்ததை வீட்டுப் பேச்சிலேயே சொல்லச் சொல்லுங்கள். கடகடவென்று சொன்னால், முதலில் மொழியைத்தான் கவனிக்க வேண்டும். அதிலும் சிக்கல் தெரிந்தால், அல்லது நன்றாகப் பேசுகிற பிள்ளைக்கு மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்தும் எழுத்து மட்டும் பிடிபடவில்லை என்றால், நாமே பெயர் சூட்டாமல் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் இருக்கிற சிறப்புப் பயிற்றுநரிடம் காட்டலாம். அவர்கள் பள்ளி நேரத்துக்காக இருப்பவர்கள்தான், ஆனாலும் போய்க் கேட்டால் வழி சொல்வார்கள்.

"சரிவுப் பாதை போட்டாச்சு"

பல இடங்களில் போட்டிருப்பது சறுக்கு மரம், அவ்வளவுதான். ஒரு அடி உயரம் ஏற பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. இரண்டு படி உயரத்துக்கு நாலடி நீளத்தில் சிமெண்ட் பூசினால் சக்கர நாற்காலியைப் பெரியவர் ஒருவர் பின்னால் பிடித்துத் தள்ளியாக வேண்டும். நம்மூர் மழை வேறு. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் பெய்கிற மாவட்டத்தில் சரிவில் பாசி பிடிக்காமல் இருக்காது. ஊன்றுகோலோடு வருகிற பிள்ளைக்கு அந்தப் பாசி படியை விட ஆபத்து. ஜூனிலும் அக்டோபரிலும் தேய்த்துக் கழுவுகிற வேலை யாருடையது என்று பெயர் போட்டு வையுங்கள். கழிவறைச் சாவி நாலரை மணிக்கு வாட்ச்மேனோடு வீட்டுக்குப் போய்விடுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படிக்கட்டு கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் பேசுகிறோம். வெளிச்சமும் சத்தமும் தெரிவதில்லை. ஐந்தரை மணிக்கு மேற்கு ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு டீச்சர் நின்றால், வெயில் பிள்ளைகளின் கண்ணில் அடிக்கும். டீச்சரின் முகம் கறுத்துத் தெரியும். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிற பிள்ளைக்கு அதோடு பாடம் போயிற்று. காலையில் அதே அறையில் இந்தப் பிரச்சினையே இருந்திருக்காது. எதிர்ச் சுவருக்கு மாறி நின்றால் போதும், செலவில்லை. போர்டில் எழுதிக்கொண்டே பேசுவதையும் விட்டுவிட வேண்டும்.

தகரக் கூரையில் மழை விழும்போது காது மிஷின் போட்ட பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். மிஷின் பேச்சை மட்டும் பெரிதாக்குவதில்லை, கூரையையும் பெரிதாக்கும். பிள்ளை அதைக் கழற்றிப் பையில் போட்டால் அடம் என்று நினைக்காதீர்கள். மழை விடும் வரை படம் வரைகிற வேலை, எழுதிக் காட்டுகிற வேலை என்று மாற்றிக்கொள்ளலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குச் சத்தத்தோடு திடீர் மாற்றமும் ஆகாது. ஊர்த் திருவிழாவுக்குக் குழாய் ஒலிபெருக்கி கட்டுகிற வாரம் வருகிறது என்றால் முன்கூட்டியே வீட்டில் சொல்லி, அந்த நாட்களில் பிள்ளை எங்கே உட்காரும் என்று தீர்மானித்து வையுங்கள். அன்றாட நிகழ்ச்சிகளைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டினால் அவனுக்கு மட்டுமல்ல, எல்லாருக்குமே உதவும். மாலைக்கண் உள்ள பிள்ளையை இருட்டும் முன்னே அனுப்புங்கள். கார்த்திகை, மார்கழியில் ஆறரைக்கே இருட்டிவிடும்.

"ஸ்கோர் எழுதுகிற வேலையை அவனுக்குக் கொடுத்திருக்கிறோம்"

எப்போதும் ஸ்கோர், எப்போதும் விசில், எப்போதும் பை காவல். இதைச் சேர்த்துக்கொள்வது என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் படிப்பில் மட்டுமல்ல, விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் சமவாய்ப்பு தர வேண்டும் என்று மேலே சொன்ன சட்டத்தின் 16ஆவது பிரிவே சொல்கிறது. ஊர் மையம் அதற்குள் வராது என்று வாதாடலாம். வாதாடி என்ன செய்யப்போகிறோம்?

பெரியவர்கள் உட்கார்ந்து விதியை மாற்றுவதை விட, பிள்ளைகளிடமே விட்டால் வேகமாக நடக்கும். கிளியந்தட்டு விளையாடும்போது கால் இழுத்து நடக்கிற பையனைச் சேர்க்க வேண்டும், எப்படி என்று கேட்டுப் பாருங்கள். அவன் வரும்போது கோட்டில் நிற்கிறவன் ஒற்றைக் காலில்தான் நகர வேண்டும் என்பான் ஒருவன். அவனுக்கு மட்டும் தட்டு அகலம் என்பான் இன்னொருவன். அந்தப் பையனே, "எனக்கு ஒண்ணும் மாத்தாண்டாம், தள்ளி விடாம இருந்தா போதும்" என்று சொல்லக்கூடும். அவனிடம் கேட்காமல் போடுகிற விதி எதுவும் இரண்டு நாள்கூட நிற்காது. ஒப்புக்குச் சப்பாணியாக நிறுத்தி, அவுட்டானாலும் அவுட் இல்லை என்றால், நாலாம் நாள் அவனே வயிற்று வலி என்று சொல்லி வீட்டில் இருந்துகொள்வான்.

படிப்பிலும் இதே கதைதான். காலையிலிருந்து எழுத்தோடு மல்லுக்கட்டிய பிள்ளையைச் சாயங்காலமும் எழுந்து நின்று வாசி என்றால் அது இரண்டாவது பள்ளி. வரிசையாகச் சத்தமாக வாசிக்க வைப்பதை நிறுத்துங்கள். பதிலை வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

சாப்பாடும் வலிப்பும்

சுண்டலும் கடலை மிட்டாயும் மலிவு, ஆனால் மென்று விழுங்கச் சிரமப்படுகிற மூளை முடக்குவாதப் பிள்ளைக்குப் புரையேறும். வேகவைத்து மசித்த மரச்சீனிக் கிழங்கு, கனிந்த பழம் போன்றவை பொதுவாக எளிது. எதற்கும் அம்மாவிடம் கேட்டுக் கொடுங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிற பிள்ளைக்குத் தின்பண்ட நேரம் தள்ளிப்போகக் கூடாது.

வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைத் தேடாதீர்கள். கையில் இரும்பு கொடுப்பதால் வலிப்பு நிற்காது. வாயில் கரண்டியோ துணியோ திணிக்கக் கூடாது, கை காலை அழுத்திப் பிடிக்கவும் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நின்று மறுபடி வந்தாலோ 108. அன்றைக்கு இருக்கிற எல்லாத் தன்னார்வலருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் அவர் லீவு போட்ட நாளில் வரும்.

"நாலே கால் வண்டியில் போய்விடுகிறான்"

பள்ளி வேன் கிளம்புகிற நேரத்துக்கு வகுப்பு தொடங்கினால், வேனை நம்பி வருகிற பிள்ளை அதோடு விட்டது. பேச்சிப்பாறை அணைக்கு அப்பால் படகில் போக வேண்டிய காணிப் பழங்குடிக் குடியிருப்புப் பிள்ளைக்கு மாலை ஏழு மணி வகுப்பு என்பதே கிடையாது. மையம்தான் அங்கே போக வேண்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருகிற ஒருவருக்கும் 2021 முதல் பயணம் இலவசம். இதைத் தெரியாத பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள், சொல்லுங்கள். பெற்றோர் கூட்டத்துக்கு அப்பாக்கள் வருவதில்லை என்று குறைப்படுவதிலும் அர்த்தமில்லை. தூத்தூர், வள்ளவிளை ஆட்கள் வாரக்கணக்கில் கடலில் இருப்பார்கள். மீன்பிடித் தடைக்காலம் மேற்குக் கரையில் ஜூன், ஜூலை. கிழக்கே சின்னமுட்டத்தில் ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை. கூட்டத்தை அப்போது வையுங்கள்.

"குரூப்பில் போட்டுவிட்டேன்"

இன்று இன்னாருக்கு வலிப்பு வந்தது, இன்னார் உடுப்பில் ஒண்ணுக்குப் போய்விட்டான் என்பதெல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் போகிற செய்தியில்லை. அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு மட்டும் போன் செய்யுங்கள். ஆண்டு விழா மேடையில் அவனைத் தனியே நிறுத்திக் கைதட்ட வைப்பதும் வேண்டாம். எல்லாரும் ஆடுகிற ஆட்டத்தில் அவனும் ஒரு ஆளாக நின்றால் போதும்.

தன்னார்வலர்கள் வேலை கிடைத்தோ கல்யாணமாகியோ போய்க்கொண்டேதான் இருப்பார்கள். அவர்களோடு பிள்ளையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் போய்விடுகிறது. புதிதாக வருகிறவர் மறுபடி அம்மாவைக் கூப்பிடுவார். அதனால் பிள்ளைக்கு ஒரு பக்கத் தாள் எழுதி வையுங்கள்: என்ன பிடிக்கும், எது ஆகாது, எப்படிப் பேசினால் புரியும், அவசரம் என்றால் யாருக்குப் போன் செய்ய வேண்டும். நோயின் பெயர் கடைசி வரியில் இருந்தால் போதும். பூட்டுகிற அலமாரியில் ஒரு பிரதி, வீட்டில் ஒரு பிரதி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அம்மாவோடு, முடிந்தால் பிள்ளையோடும் உட்கார்ந்து திருத்துங்கள். போன வருஷம் ஆகாத சத்தம் இந்த வருஷம் பழகியிருக்கலாம்.